டபுள் எங்கே போனான்?

"பிரேக்கை விடட்டா?"

"இரு! இரு! உள்ளேருந்து ஒரு கை வெளிய நீட்டிட்டு இருக்கு!"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே நசுக்கிப் பிடித்தபடி, இரண்டு கைகளாலும் பிரேக் நெம்புகோலைப் பற்றியிருந்தான் சிங்கிள். மொட்டை மாடியின் மெஷின் ரூம் அடுப்பு மாதிரி கொதித்தது. அவன் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"யார் கைடா அது?"

"கைரேகை பார்த்துச் சொல்றேன். சார்... சார்! கையை உள்ள இழுங்க. முதல்ல வெளிய வாங்க, கை குலுக்கறதை அப்புறம் வச்சுக்கலாம்!"

மறுமுனையில் கத்தியவன் கரண்ட். லிஃப்ட் கம்பெனியில் வயரிங் வேலையெல்லாம் அவனுடையது என்பதால் அந்தப் பெயர். மூன்றாவது மாடியில் கதவைச் சாவி போட்டு ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் தலைக்கு மேல், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அந்தரத்தில், லிஃப்ட். உள்ளே மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய அலுவலகக் கூட்டம். யாரோ ஒரு பெண், மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது என்று மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

"கை உள்ள போயிருச்சு. விடு. மெதுவா!"

சிங்கிள் நெம்புகோலை அழுத்தினான். பெரிய சக்கரம் தானாகவே சுழலத் தொடங்கியது. உள்ளே இருக்கிறவர்களின் பாரமே லிஃப்டைக் கீழே இறக்கும்; மின்சாரம் தேவையில்லை. ஒரு சாண். நிறுத்தினான். இன்னொரு சாண். நிறுத்தினான்.

"போதும்! தரைக்கு வந்துருச்சு!"

அவன் படிகளில் தடதடவென்று இறங்கி மூன்றாவது மாடிக்கு வந்தபோது கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினான். ஒன்பது. லிஃப்டுக்குள் பதித்திருந்த தகட்டில், எட்டு பேர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

ஒன்பதாவதாக வெளியே வந்தவர் பெருத்த உடம்புக்காரர். கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. யாரையும் பார்க்காமல் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். மற்ற எட்டு பேரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"இவர் ஏறினப்பவே நினைச்சேன்," என்றாள் மூச்சு முட்டிய பெண். இப்போது மூச்சு நன்றாக வந்தது.

"நான்தாங்க முதல்ல ஏறினேன்," என்றார் அவர், மெல்ல. "நீங்கல்லாம் அதுக்கப்புறம்தான் ஏறுனீங்க."

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் படிப் பக்கம் திரும்பி, கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். சிங்கிளுக்கு அவரைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? நானும் உங்க ஆளுதான் சார் என்றா? இப்போதிருக்கிற அவனைப் பார்த்தால் அவர் நம்புவாரா?

சிங்கிளின் பழைய பெயர் டபுள்.

அவன் லிஃப்டுக்குள் கால் வைத்தால் ரெண்டு பேர் கணக்கு என்று கம்பெனியில் எவனோ ஆரம்பித்து வைத்தது. நூற்றிருபத்து நாலு கிலோ. ஒரு நாள் மெஷின் ரூம் தரையில் இருந்த இறங்குவழியில் இடுப்போடு சிக்கிக்கொண்டு, கீழே மாட்டியிருந்தவர்களைக் காப்பாற்றப் போனவனையே நாலு பேர் சேர்ந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. அதை ஒருத்தன் படம் பிடித்தான். அந்தப் படம் ஊரைச் சுற்றி வந்து, கடைசியில் அவன் மனைவியின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

மறுநாளிலிருந்து அவன் மாடிக்குப் போக லிஃப்டைத் தொடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் படியில் போகிறான் என்று ஊரே சிரித்தது. அவன் ஏறினான், இறங்கினான், வெள்ளரிக்காயை மென்றான். கரைந்தான். டபுள் சிங்கிள் ஆனான்.

"டேய் சிங்கிள், கனவு காணாதே," என்று கரண்ட் தோளைத் தட்டினான். "ஒன்பது பேர் ஏறியிருக்காங்க. ஏன் அலாரம் அடிக்கல?"

அதுதான் கேள்வி. பாரம் கூடினால் இந்த லிஃப்ட் கத்த வேண்டும். கதவைச் சாத்த மாட்டேன் என்று அடம் பிடிக்க வேண்டும். ஆனால் சமர்த்தாகக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே குறைவான பாரம்தான் இருக்கிறது என்று நம்பி, மோட்டாரும் குறைவான பலத்தோடு இழுத்திருக்கிறது. லிஃப்ட் நழுவியதும் பயந்துபோய் எல்லாம் நின்றுவிட்டது.

போன் அடித்தது. மேடம். சர்வீஸ் பிரிவுக்கே தலைவி. குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயம்.

"யாருக்கும் அடி இல்லையே?"

"இல்ல மேடம்."

"அந்த லிஃப்டோட எடை சென்சாரை போன மாசம் செட் பண்ணினது யாரு?"

"நான்தான் மேடம்."

"சாயங்காலத்துக்குள்ள காரணம் வேணும். காரணம் தெரியாம அந்த லிஃப்டை ஓட்டக் கூடாது. காரணம் தெரியாம உங்களையும் அடுத்த லிஃப்டுக்கு அனுப்ப முடியாது. புரியுதில்ல?"

புரிந்தது.

சென்சார் லிஃப்டின் தரைக்கு அடியில் இருந்தது. கழற்றிப் பார்த்தார்கள். சுத்தம். ஒயர் எங்காவது எலி கடித்திருக்கிறதா என்று கரண்ட் மேலிருந்து கீழ் வரை தடவினான். இல்லை. கண்ட்ரோலர் போர்டை மாற்றிப் பார்த்தார்கள். அதே கணக்கு. கழற்றினார்கள், மாட்டினார்கள், கழற்றினார்கள். கட்டட மேனேஜர் மூன்று முறை வந்து மூன்று முறையும், என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போனார்.

"எல்லாம் சரியா இருக்குடா," என்றான் கரண்ட், லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்தபடி. அங்கேதான் இருவரும் வேலை நடுவே இளைப்பாறுவார்கள். "எல்லாம் சரியா இருந்தா தப்பு எங்கேருந்து வரும்? பேயா பிசாசா?"

அவன் கை எதேச்சையாகக் கூரையின் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் போனது. வெளியே வந்தபோது விரல்களில் ஒரு கேக் உறை இருந்தது. காலி.

"இது என்ன?"

"எவனாவது மேலேருந்து போட்டிருப்பான்," என்றான் சிங்கிள், வேகமாக.

போட்டவன் அவன்தான். டபுளாக இருந்தபோது எல்லார் முன்னாலும் வயிறாரச் சாப்பிட்டவன், சிங்கிளான பிறகு லிஃப்ட் கூரை மேல், இருட்டான குழிக்குள், கம்பி வடங்களின் நடுவில் குந்திக்கொண்டு திருட்டுத்தனமாகக் கேக் தின்றான். தின்றுவிட்டு இரண்டு மாடி அதிகம் ஏறி இறங்கினான். கேக்கே தின்னாத நாளிலும் ஏறி இறங்கினான். என்ன தின்றால் என்ன ஆகும் என்கிற கணக்கு அவனுக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை. உருகினவனைப் பார்த்து ஊரே கை தட்டியது. உருகின இடத்திலேயே நிற்பதற்கு எவனும் கை தட்டவில்லை. இதில் இன்னொரு கூத்து. எதிர்வீட்டுக்காரர் அவனைப் பார்த்து, என்னப்பா துரும்பா இளைச்சுட்டே, உடம்புக்கு ஏதாவதா என்பார். அதே தெருவில் மருந்துக்கடைக்காரர், லேசா பூசின மாதிரி இருக்கியே என்பார். ஒரே நாளில். ஒரே சட்டையில்.

எவனை நம்புவது?

அவனிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அது ஒரு பேண்ட்.

எடை மெஷினை அவன் நம்புவதில்லை. நூறுக்குக் கீழே இறங்கத் தொடங்கிய நாட்களில் அந்த மெஷின் அவனைப் பைத்தியமாக்கியிருந்தது. தொண்ணூற்றொன்பது. நூறு. தொண்ணூற்றொன்பது. மறுபடி நூறு. குளிக்கும் முன் ஏறுவான், குளித்துவிட்டு ஏறுவான், தலை ஈரமோ என்று துவட்டிவிட்டு ஏறுவான், தரைதான் சரியில்லை என்று மெஷினை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைவான். எண் பிடிக்காவிட்டால் அன்று முழுக்க வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஒரு நாள் அதை எட்டி உதைத்துக் கால்விரலை உடைத்துக்கொண்டான்.

அவன் மனைவி தையல்காரி. முன்னறைதான் அவள் கடை. அளவு டேப் கழுத்திலேயே தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். உடைந்த விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "மெஷின் வேண்டாங்க. நம்ம கல்யாணத்துக்கு நான் தைச்ச பேண்ட் இருக்கு. அப்ப நீங்க எழுபத்தெட்டு. அது பட்டன் போட்டா எழுபத்தெட்டு. போடலைன்னா இல்ல. துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

மெஷின் வீட்டை விட்டுப் போனது. சாம்பல் நிறப் பேண்ட் அலமாரியில் நீதிபதி மாதிரி தொங்கியது.

அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் பட்டன் போடவில்லை. அவன் சாப்பாட்டை இன்னும் குறைத்தான். கடைசியில், பட்டன் போடற வரைக்கும் தண்ணி மட்டும்தான் என்று சபதமே எடுத்துவிட்டான். ஒரு சனிக்கிழமை, ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடிப் படியில் கண் இருட்டி உருண்டு விழுந்தான். கரண்ட்தான் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப்போனான். மனைவி அலறியடித்துக்கொண்டு வந்தாள். அங்கே ஏற்றி நிறுத்தி எடை பார்த்தபோதும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சொல்லாதீங்க, சொல்லாதீங்க என்று கெஞ்சினான். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. பயந்து பயந்து இரண்டு வாரமாகத் தொடாதிருந்த பேண்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான்.

பட்டன் விழுந்தது.

இழுக்காமல், மூச்சைப் பிடிக்காமல், 'டக்'கென்று துளைக்குள் போய் உட்கார்ந்தது. அந்தப் பேண்டோடு தெருவுக்கு ஓடினான். எதிர்வீட்டுக்காரருக்குக் காட்டினான். வீட்டுக்குள் வந்து ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டான், அழுதுகொண்டே. இரண்டு வருஷமாயிற்று. அன்று முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேண்ட். ஒவ்வொரு ஞாயிறும் பட்டன். எழுபத்தெட்டு. யார் கேட்டாலும் எழுபத்தெட்டு. கம்பெனி யூனிஃபார்ம் இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது, யாரையும் காட்டிக்கொடுக்காது; பேண்ட்தான் தீர்ப்பு.

"மச்சான்," என்றான் கரண்ட். குரல் மாறியிருந்தது. "கோவப்படாம கேளு."

"சொல்லு."

"சென்சாருக்கு நாம என்ன சொல்லிக் கொடுக்கறோம்? காலியா இருந்தா இவ்வளவு, தெரிஞ்ச எடை வச்சா இவ்வளவு. அவ்வளவுதானே? மீதியை அதுவே கணக்குப் போட்டுக்கும். நாம தப்பா சொல்லிக் கொடுத்தா அதுவும் பச்சப்புள்ள மாதிரி நம்பிரும்."

"சரி. அதுக்கு?"

"போன மாசம் எடைக்கல்லு பாதி வேற சைட்ல மாட்டிக்கிச்சு. ஞாபகம் இருக்கா? கையில இருந்தது நாலே கல்லு. கல்லு பத்தலைன்னு நீதான் உள்ள போய் நின்னே."

எடைக்கல் குறைந்தால் ஒரு ஆள் உள்ளே போய் நின்று தன் எடையைச் சொல்வது. வெளியே இருப்பவன் அதைக் கல் கணக்கோடு கூட்டிக் கருவியில் போடுவது. எழுதாத சட்டம். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான்.

"நின்னேன். எழுபத்தெட்டுன்னு சொன்னேன். நீதான் போட்டே."

"நீ சொன்னதைத்தான் போட்டேன்," என்றான் கரண்ட்.

கீழே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"நல்லா யோசிச்சுப் பேசு," என்றான் சிங்கிள். "போன ஞாயித்துக்கிழமைகூட பட்டன் போட்டேன்."

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலடா. எல்லாத்தையும் பார்த்தாச்சு. பார்க்காதது ஒண்ணுதான் பாக்கி. அது நீ."

கம்பெனி வேன் எல்லா எடைக்கற்களையும் கொண்டுவந்து இறக்கியது. ஒவ்வொன்றும் இருபது கிலோ, முத்திரை குத்தியது, ஏமாற்றாது. லிஃப்டுக்குள் வரிசையாக அடுக்கி, ஒரு மனித வாடைகூட இல்லாமல், கல்லை மட்டும் வைத்து சென்சாருக்குப் புதிதாகப் பாடம் சொன்னார்கள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு ஐந்து கல் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். நூறு. சரி. கல்லை எடுத்துவிட்டுக் கரண்ட் ஏறினான். அறுபத்தொன்று. போன வாரம் ரத்த தானம் பண்ணும்போதும் அதுதான். சரி.

"இப்ப நீ."

சிங்கிள் லிஃப்ட் வாசலில் நின்றான். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை தாண்டிய வாசல். பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தான். டபுளின் பழக்கம், இன்னும் போகவில்லை. கரண்ட் வெளியே, எண் தெரிகிற சின்னக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சிங்கிள் கண்ணை மூடினான்.

கரண்ட் கருவியை இரண்டு முறை தட்டுவது கேட்டது.

"என்ன?"

"பெல்ட்டைக் கழட்டு. ஸ்பேனரெல்லாம் தொங்குது."

கழற்றிப் போட்டான். செருப்பையும் கழற்றினான். போனையும் வெளியே தூக்கி வைத்தான். கைக்குட்டைகூட.

"என்னடா?"

"சொல்லவா?"

இரண்டு வருஷமாக யாரையும் சொல்லவிடாத வாய், திறந்து மூடியது. "சொல்லு."

"தொண்ணூத்தஞ்சு."

"கல்லை வச்சுப் பாரு மறுபடி."

வைத்தார்கள். நூறு. கரண்ட் ஏறினான். அறுபத்தொன்று. சிங்கிள் ஏறினான். தொண்ணூற்றைந்து. மூலையில் நின்றான், நடுவில் நின்றான், ஒற்றைக் காலில்கூட நின்றான். லிஃப்ட் அசரவில்லை.

கரண்ட் போனில் கணக்குப் போட்டான். "நீ எழுபத்தெட்டுன்னு நினைச்சுக்கிட்டு தொண்ணூத்தஞ்சு உள்ள நின்னிருந்தா... ஒன்பது பேர் ஏறினாலும் எட்டு பேர்னுதான் காட்டும். சத்தமே போடாது. அச்சு அசலா பொருந்துது மச்சான்."

பொருந்தத்தான் செய்தது. அதுதான் கொடுமை. தொழில் தெரிந்த மூளை, ஆமாம், இதுதான் காரணம், கேஸ் முடிந்தது என்றது. அடுத்த நொடியே இன்னொரு மூளை எழுந்து, பட்டன் போட்டதே, அதுக்கு என்ன சொல்றே என்றது. லிஃப்ட் உண்மை என்றால் பேண்ட் பொய். பேண்ட் உண்மை என்றால், முத்திரை குத்திய இரும்பும் கரண்டின் ரத்தமும் சேர்ந்து பொய் சொல்கின்றன. சுவரில் இருந்த எஃகுத் தகட்டில் தன் உருவத்தைப் பார்த்தான். கொஞ்சம் இப்படித் திரும்பினால் ஒல்லி. கொஞ்சம் அப்படித் திரும்பினால் டபுள். படியில் ஒவ்வொரு படியாக இறங்கிப் போன அந்தப் பெருத்த உடம்புக்காரர் நினைவுக்கு வந்தார். எல்லாரும் அவரைத்தான் முறைத்தார்கள். குற்றவாளி மாடியில் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

மேடத்திடம் அவனே சொன்னான். மறைக்கவில்லை.

"இந்த மாதிரி எத்தனை லிஃப்ட்ல நீங்க உள்ள போய் நின்னிருக்கீங்க?"

அவன் யோசித்தான். பள்ளிக்கூடம். துணிக்கடை. கண் மருத்துவமனை. நகர் முழுக்க எங்கெங்கோ எழுபத்தெட்டாக நின்றிருக்கிறான். "தெரியல மேடம். நிறைய இருக்கும்."

"காலைலேருந்து எல்லாத்தையும் கல்லு வச்சு மறுபடி செட் பண்ணணும். நீங்களேதான் பண்ணணும். இன்னொண்ணு. நீங்க எவ்வளவு வெயிட்டுங்கறது என் கவலை இல்ல. எழுபத்தெட்டோ நூத்தெட்டோ. எனக்குத் தெரிஞ்ச எடையா இருக்கணும். அவ்வளவுதான்."

வேலை தப்பியது. அந்த நிம்மதி தெருமுனை வரைகூட வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் ஊசி. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரிக்குப் போனான்.

"என்னங்க, இன்னிக்கு என்ன ஞாயித்துக்கிழமையா?" என்றாள், ஊசியை எடுத்துவிட்டு.

அவன் பேண்டைப் போட்டான். பட்டன் விழுந்தது. 'டக்'. இடுப்புக்கும் துணிக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. நான் யார்? இந்த வீட்டில் எழுபத்தெட்டு, தெருவைத் தாண்டினால் தொண்ணூற்றைந்தா?

"முகமே சரியில்லையே. காபி போடட்டுமா?"

"வேண்டாம்."

பேண்டைக் கழற்றி உட்புறத்தை வெளியே திருப்பினான். தையல்காரியோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவன். சில விஷயங்கள் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அவள் எந்தப் பேண்ட் தைத்தாலும் பின்பக்கத் தையலுக்கு உள்ளே நாலு விரல் துணியை விட்டு வைப்பாள். ஆள் பெருத்தால் பிரித்து விடலாம். புதுத் துணி வாங்க வேண்டாம். தெருவில் அவளுக்குப் பேரே அதனால்தான்.

இந்தப் பேண்டுக்குள் அந்த நாலு விரல் இல்லை. நகத்தளவுதான் இருந்தது. அதற்கு உள்பக்கமாக, துணியில் மங்கலாக ஒரு கோடு. பழைய ஊசித் துளைகள், எறும்பு வரிசை மாதிரி.

அவன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அவள் கையில் இருந்த ஜாக்கெட் மடியில் விழுந்தது.

"பிரிச்சிருக்கே," என்றான்.

அவள் அளவு டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"எத்தனை தடவை பிரிச்சே?" அவன் குரல் அவனுக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. "நான் ஏற ஏற நீ பிரிச்சுக்கிட்டே இருந்தியா? ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாவா? நான் அங்க கேக்கைத் தின்னுட்டு, ஞாயித்துக்கிழமை பட்டன் போட்டதும், அப்பாடா தப்பிச்சோம்னு நினைச்சுக்கிட்டு..."

"என்ன கேக்கு?"

"அதை விடு."

"எங்க தின்னீங்க?"

"லிஃப்ட் மேல."

"லிஃப்ட் மேல உட்கார்ந்தா?" அவள் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து வாயைப் பிளந்தாள். "ஏங்க, விழுந்து வச்சா என்ன ஆகறது! வீட்ல வச்சுத் தின்னா நான் பிடுங்கிக்கவா போறேன்?"

"பேச்சை மாத்தாதே. மறுபடி டபுள் ஆயிட்டேன். ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. நீயும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கே. எத்தனை தடவை? சொல்லு!"

அவள் எழுந்து வந்து பேண்டை அவன் கையிலிருந்து வாங்கினாள். பழைய துளைகளின் மேல் கட்டை விரலை ஓட்டினாள்.

"நல்லாப் பாருங்க. பழைய கோடு எத்தனை இருக்கு?"

அவன் பார்த்தான். ஒன்றுதான்.

"ஒரே தடவைதான் பிரிச்சேன்."

"எப்போ? போன மாசமா?"

"நீங்க படியில விழுந்தீங்களே, அந்தச் சனிக்கிழமை. கிளினிக்லேருந்து வந்து படுத்ததும் தூங்கிட்டீங்க. எழுப்பிக் கஞ்சி குடுத்தா, பட்டன் போட்டாத்தான் குடிப்பேன்னீங்க. உதடெல்லாம் வெள்ளையா இருந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்? உள்ள இருந்த துணியை மொத்தமா பிரிச்சு விட்டுட்டேன். மறுநாள் பட்டன் போட்டீங்க. சாப்பிட்டீங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் இந்தப் பேண்டை இஸ்திரி போடறதுக்குத் தவிர நான் தொட்டதே இல்லைங்க. இனிமே பிரிக்க அதுல துணியும் இல்ல."

அவன் தையல் மெஷினின் முக்காலியில் உட்கார்ந்தான். அந்த 'டக்', அந்தத் தெரு, எதிர்வீட்டுக்காரரின் கைதட்டல், எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

"அப்போ அன்னிக்கு நான் எழுபத்தெட்டு இல்லையா?"

"நீங்க எழுபத்தெட்டுக்கு வந்ததே இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

லிஃப்ட் காட்டிய எண்ணை அவன் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வாசலிலிருந்து இதுவரை அந்த வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை.

"கிளினிக்ல உங்களை மெஷின்ல ஏத்தினாங்க இல்ல, நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க," என்றாள் அவள். "நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். தொண்ணூத்தஞ்சு."